பொய்க்காரி பார்த்த பக்கம்

பொய்க்காரி என்பது ஒரு பசுவின் பெயர். அந்தப் பெயரை அது சும்மா வாங்கவில்லை. பண்ணையில் இருந்த பதினெட்டுப் பசுக்களும் வெளியில் கன்று போட்டால் ஒளித்துத்தான் வைக்கும். ஆனால் மற்றதெல்லாம் கன்று கிடக்கும் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்து ஒரு மணி நேரத்தில் காட்டிக்கொடுத்துவிடும். பொய்க்காரி அப்படியில்லை. மேட்டில் கன்றைப் படுக்கவைத்துவிட்டுப் பள்ளத்தில் போய் நின்று, தன் உயிரே அங்கேதான் இருப்பது மாதிரி பார்த்துக்கொண்டிருக்கும். ஆள் அந்தப் பக்கம் போனால் கூடவே பத்தடி வந்து வழி வேறு காட்டும். பிறகு சாவகாசமாக அசைபோடும். இப்படிப் பச்சைப் பொய் சொல்லும் மாட்டை நான் ஜென்மத்தில் பார்த்ததில்லை என்பாள் பண்ணைக்காரி. அவள் பிறந்ததிலிருந்து மாடுகளோடுதான் இருக்கிறாள்.

அன்று காலை ஆறு மணிக்குப் பால் கறக்கக் கொட்டகைக்குப் போனவள், பொய்க்காரி ஒட்டிய வயிற்றோடு நிற்பதைக் கண்டாள். பின்னால் நஞ்சுக்கொடி தொங்கிக்கொண்டிருந்தது. மேய்ச்சல் நிலத்துக் கம்பிவேலியில் ஒரு கம்பி அறுந்து, முள்ளில் சிவப்பு மயிர் ஒட்டியிருந்தது.

"என்னங்க, பொய்க்காரி போட்டுட்டா," என்று வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

பண்ணைக்காரர் பல் விளக்கிக்கொண்டே வந்தார். "என்ன கன்னு?"

"அது அவளுக்குத்தான் தெரியும். வேலிக்கு அந்தப் பக்கம் போய்ப் போட்டுட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி திரும்பி வந்து நிக்கிறா."

அவர் வாயிலிருந்த நுரையைத் துப்ப மறந்து நின்றார். வேலிக்கு அந்தப் பக்கம் ஐந்து ஏக்கர் தீவனப்புல், நெஞ்சு உயரத்துக்கு வளர்ந்து நின்றது. அதை அறுக்கத்தான் எட்டு மணிக்கு மெஷின் வருகிறது. அறுத்து, நறுக்கி, குழியில் போட்டு மிதித்து மூடிவிட்டால் கோடை முழுக்க மாடுகளுக்குக் கவலை இல்லை. நாளையிலிருந்து ஒரு வாரம் மழை என்று சொல்லியிருந்தார்கள். மழை விழுந்துவிட்டால் அந்தக் களிமண்ணில் மெஷின் சக்கரம் இறங்காது. இறங்கினால் ஏறாது.

"இன்னிக்குத்தான் போடணுமா இவ?"

"நாள் பாத்துப் போட அவளுக்கு காலண்டரா மாட்டி வெச்சிருக்கோம்? கம்ப எடுங்க. அண்ணியையும் கூப்பிடுங்க."

அண்ணி என்றது அவளுடைய நாத்தனாரை, பண்ணைக்காரரின் அக்காவை. புருஷன் போனபின் தம்பி வீட்டோடு வந்தவள். கையும் ஓயாது, வாயும் ஓயாது. பால் கேனைக் கழுவும்போது கேனோடு பேசுவாள். அவள் ஒரு நாளைக்குச் சொல்வதில் பத்தில் ஒன்றைக் காதில் போட்டுக்கொண்டால் அதிகம் என்று அந்த வீட்டில் பழகிவிட்டார்கள். அவளும் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை.

மூவரும் புல்லுக்குள் இறங்கும்போது பொய்க்காரியும் வேலி ஓட்டை வழியாகப் பின்னாலேயே வந்துவிட்டது. நேராகப் பள்ளத்துப் பக்கம் போய், வயலின் கீழ்க்கோடியில் டிராக்டர் போகும் மண்பாதையின் மேல் ஏறி நின்று கத்த ஆரம்பித்தது.

"பாத்தியா, பள்ளத்துல நிக்கிறா," என்றார் பண்ணைக்காரர்.

"அப்ப மேட்டுலதான் இருக்கு," என்றாள் அவள். "அவ பாக்குற பக்கம் ஒருத்தரும் போகக் கூடாது. மேட்டுலேர்ந்து ஆரம்பிப்போம்."

அது அவள் போட்ட சட்டம். அந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று மூவருக்கும் தெரியும், ஒருவரும் பேசமாட்டார்கள். போன வருஷமும் இதே புல், இதே பொய்க்காரி. பள்ளத்தைப் பார்த்து நின்ற பசுவை நம்பிப் பள்ளத்தையே மூன்று தடவை சலித்தாள். மேட்டுப் பக்கம் ஒரு நடை நடந்துவிட்டு, "பாத்தாச்சு, ஓட்டுங்க," என்று மெஷின்காரரிடம் சொன்னாள். நாலாவது சுற்றில் மெஷின் நின்றது. மெஷின்காரர் இறங்கி முன்னால் போய்ப் பார்த்தார். பிறகு அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அது கிடாரி, பெண் கன்று. புருஷன் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று இந்த ஒரு வருஷமும் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். 'பாத்தாச்சு' என்ற சொல்லையே அவள் வாய் விட்டுவிட்டது. அடுப்பைப் பார்த்தாயா என்றால் தலையை ஆட்டுவாள்.

புல்லில் தேடுவது புடவைக் கடையில் தேடுவது மாதிரி இல்லை. கன்றுக்குத் தாய் சொல்லிக்கொடுத்திருக்கும், அசையாதே என்று. ஆள் காலடியில் கிடந்தாலும் மூச்சுக் காட்டாது. கைக்கெட்டும் தூரத்தில் மூவரும் வரிசையாக நின்று, கம்பால் புல்லை விலக்கி, பார்த்து, பிறகுதான் ஒரு அடி வைக்க வேண்டும். கடைசிவரை போனதும் அங்கே ஒரு குச்சி நட்டுத் துணி கட்டிவிட்டு அடுத்த பட்டைக்குத் திரும்ப வேண்டும். புல்லின் ஓரம் கத்தி மாதிரி இருக்கும் என்பதால் அவள் புருஷனின் பழைய முழுக்கைச் சட்டையை மேலே மாட்டியிருந்தாள். பனி ஈரத்தில் அது பத்து நிமிஷத்தில் நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது.

"இருக்கு, இருக்கு," என்று திடீரென்று கத்தினார் பண்ணைக்காரர்.

இரண்டு பேரும் விழுந்தடித்து ஓடினார்கள். புல்லின் அடியில் பழுப்பாக, சுருண்டு, ஈரமாக ஒன்று கிடந்தது. அவள் மண்டியிட்டுக் கையை வைத்தாள். போன பருவத்தில் காணாமல்போன உரச் சாக்கு.

"நல்ல கன்னு," என்றாள் நாத்தனார். "பேரு வெச்சுடு தம்பி."

இன்னொரு முறை நாத்தனாரின் காலடியிலிருந்து ஒரு காடை விருட்டென்று கிளம்பி, அவள் கம்பைப் போட்டுவிட்டு உட்கார்ந்தே விட்டாள். அவ்வளவு பதற்றத்திலும் மூவருக்கும் சிரிப்பு வந்தது. அடுத்த அடியில் இருக்கும், இந்தப் புதரில் இருக்கும் என்று மனசு முன்னால் ஓட, கால் பின்னால் வந்துகொண்டிருந்தது.

எட்டு மணிக்கு மெஷின் வந்தது. தொந்தியும் தோளில் துண்டுமாக மெஷின்காரர் இறங்கினார். எஞ்சினை அணைத்தால் மறுபடி கிளப்ப மக்கர் பண்ணும் என்று ஓடவிட்டிருந்தார். புல்லில் மூன்று தலைகள் தெரிவதைப் பார்த்ததுமே அவர் முகம் மாறிவிட்டது.

"என்னக்கா, கன்னா?"

"ஆமா தம்பி. காலையில போட்டிருக்கா."

"அவளா?"

"அவளேதான்."

அவர் மெஷினுக்குத் திரும்பிப் போனார். எஞ்சினை அணைத்தார். சாவியை எடுத்துவந்து அவள் கையில் வைத்தார்.

"என்ன தம்பி இது?"

"உங்ககிட்டயே இருக்கட்டும்க்கா. நீங்க பாத்தாச்சுன்னு சொல்லிக் குடுத்தாத்தான் நான் ஏறுவேன். அடுத்த பண்ணையில காத்துக்கிட்டு இருக்காங்க, மழை வேற வருது. எல்லாம் சரி. ஆனா இன்னொரு தடவை அந்த மாதிரி இறங்கிப் போய்ப் பாக்க என்னால ஆகாது."

சாவி சூடாக இருந்தது. அவள் அதைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினாள்.

மெஷின்காரரும் ஒரு கம்பை எடுத்துக்கொண்டு வரிசையில் சேர்ந்தார். ஆனால் சாவி இல்லாமலும் எஞ்சின் வேலை செய்வதுபோல நாத்தனாரின் வாய் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏண்டியம்மா, அவ அங்கேயே நின்னு கத்துறாளே, ஒரு எட்டு போய்ப் பாத்தா என்ன? ரெண்டு மணி நேரமா தொண்டை கிழியுது அதுக்கு. போன வருஷம் இப்படிக் கத்தலையே. போன வருஷம் சும்மா நின்னுக்கிட்டு இருந்தா. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, அன்னிக்கு எனக்குப் பல்வலி, இந்தப் பக்கம் கன்னமெல்லாம் வீங்கி, நான் கிராம்பு வெச்சுக்கிட்டு..."

"அண்ணி, குனிஞ்சு பாத்து வாங்க."

"குனிஞ்சுதான் வரேன். வாய் குனியலை, அவ்வளவுதான். அவ ஏன் கத்துறான்னு கேட்டேன்."

"நம்மள அங்க கூப்பிடத்தான் கத்துறா. வருஷத்துக்கு வருஷம் புதுசு புதுசாக் கத்துக்கிறா. இந்த வருஷம் இது."

"என்னவோ போ," என்று நாத்தனார் பல்வலிக் கதையை விட்ட இடத்தில் தொடர்ந்தாள்.

பத்தரை மணிக்கு மேட்டுப் பக்கம் முழுவதும் முடிந்தது. பதினொன்றரைக்கு நடுவயலும் முடிந்தது. இருபத்திரண்டு துணிக்கொடிகள் நின்றன, கன்று இல்லை. வெயில் பிசுபிசுவென்று ஒட்டியது. தெற்கே மேகம் திரண்டு, அடிவயிறு கறுத்து நின்றது. தூரத்தில் எங்கோ இடி உருளும் சத்தம் கேட்டது.

"நரி ஏதாவது இழுத்துட்டுப் போயிருக்குமோ?" என்றார் பண்ணைக்காரர், யாரையும் பார்க்காமல்.

"ரத்தம் இருக்கும், இழுத்த தடம் இருக்கும். ஒண்ணும் இல்லையே."

"இல்ல, இனிமே பள்ளத்துப் பட்டை மட்டும்தான் பாக்கி. அதையும் ஒரு நடை பாத்துட்டு..." அவர் முடிக்கவில்லை. அவள் பாதிக்கு மேல் கேட்கவும் இல்லை. கம்பைக் கீழே போட்டுவிட்டு விடுவிடுவென்று பள்ளத்தைப் பார்த்து நடந்தாள். தேடுவதற்காகப் போகவில்லை. அந்தப் பசுவை நாலு வார்த்தை கேட்கத்தான் போனாள்.

பொய்க்காரி பாதையின் மேல் அதே இடத்தில் நின்றது. ஐந்து மணி நேரமாக நின்றிருக்கிறது. அதன் குளம்படி மண் மிதிபட்டு மாவாகியிருந்தது.

"ஏண்டி, உனக்கு என்னதாண்டி வேணும்?" என்றாள் அவள். "போன வருஷம் என்னை ஏமாத்தி உன் புள்ளையையே குடுத்தியே, போதலையா? இன்னும் யாரை ஏமாத்தறே? எங்க வெச்சிருக்கே, சொல்லித் தொலையேன்."

பசு அவளைப் பார்த்தது. பிறகு கழுத்தைத் தாழ்த்தித் தன் காலடி மண்ணை மோந்து, அடித்தொண்டையில் கத்தியது. சொட்டு சொட்டாக ஏதோ விழும் சத்தம் கேட்டது. அவள் குனிந்தாள்.

மடி கல் மாதிரி விம்மியிருந்தது. நாலு காம்பிலிருந்தும் மஞ்சளாகச் சீம்பால் தானாகச் சொட்டி, தூசியில் குழி விழுந்திருந்தது. அவள் கை வைத்துப் பார்த்தாள். காம்பில் காய்ந்த சேறு அப்படியே இருந்தது. கன்றின் வாய் பட்ட காம்பு வெள்ளைவெளேரென்று நக்கிய மாதிரி இருக்கும். இதில் ஒரு வாய்கூடப் படவில்லை. ஒளித்துவைத்த பசு வேளைக்கு வேளை போய் ஊட்டிவிட்டு வரும். அந்த விஷயத்தில் எந்தப் பொய்க்காரியும் பொய் சொல்லமாட்டாள்.

இது ஒளித்துவைக்கவில்லை. இதற்கே கன்று எட்டவில்லை.

"என்னங்க, ஓடி வாங்க, எல்லாரும் வாங்க," என்று அவள் போட்ட கூச்சலில் கொட்டகை மாடுகள் எல்லாம் தலையைத் தூக்கின. நான்கு பேரும் பாதையில் கூடினார்கள். நாத்தனார் வரும்போதே ஆரம்பித்துவிட்டாள். "நான் அப்பவே சொன்னேன், கேட்டாத்தானே, பல்வலியோட பல்வலியாச் சொன்னதால..."

"அண்ணி, உங்க கால்ல விழறேன். ஒரே ஒரு நிமிஷம் பேசாம இருங்க."

நாத்தனார் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்கள் மட்டும் பெரிதாயின. மெஷின் அணைந்திருந்தது, காற்று இல்லை. பசு மூச்சு வாங்கும் சத்தம். பிறகு, அவர்கள் காலுக்கு அடியிலிருந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி, மெல்லிசாக ஒரு 'ம்பா'.

"பாதைக்குள்ளயா?" என்றார் மெஷின்காரர்.

"குழாய்," என்றார் பண்ணைக்காரர். "அடக் கடவுளே, வடிகால் குழாய்."

மழைத்தண்ணீர் மேட்டிலிருந்து இறங்கிப் பாதையைக் கடப்பதற்காக அவரே பதித்த சிமெண்ட் குழாய் அது. ஒன்றரை அடி வாய், பதினைந்தடி நீளம். இரண்டு வாயையும் புல் மூடியிருந்ததால் அப்படி ஒன்று இருப்பதே எல்லோருக்கும் மறந்துவிட்டது. பனிக்கு ஒதுங்கி உள்ளே போன கன்று, நடுவில் வண்டல் மேடிட்ட இடத்தில் மாட்டிக்கொண்டுவிட்டது. தெற்கே மறுபடி இடித்தது. மழை வந்தால் ஐந்து ஏக்கர் தண்ணீரும் அந்தக் குழாயில்தான் இறங்கும்.

பண்ணைக்காரர் தலையை விட்டுப் பார்த்தார், தோள் நுழையவில்லை. மெஷின்காரர் தன் தொந்தியைப் பார்த்துக்கொண்டார்.

"நான் போறேன். சாக்கும் கயிறும் எடுத்துட்டு வாங்க," என்றாள் அவள்.

"பாம்பு ஏதாவது..."

"இருந்தா அதுவும் பயந்துபோய்த்தான் இருக்கும். ஓடுங்க."

அவர் ஓடினார். அந்த மனுஷன் ஓடி அவள் பார்த்தது கல்யாணத்துக்கு மறுநாள், பஸ்ஸைப் பிடிக்க. காலையில் கிடைத்த அதே உரச் சாக்கும் நீளக் கயிறுமாக வந்தார். சாக்கின் மூலையில் முடிச்சுப் போட்டு, கயிற்றின் மறுநுனியைத் தன் கையில் சுற்றிக்கொண்டார். அவள் சாக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு, கைகளை முன்னால் நீட்டிக் குழாய்க்குள் நுழைந்தாள்.

உள்ளே இருட்டும் சேற்று வாடையும். முழங்கையால் ஊன்றி ஊன்றி நகர்ந்தாள். சட்டைப் பையிலிருந்த சாவி நெஞ்சில் குத்திக்கொண்டே வந்தது. வெளியே கன்றின் தாய் பாய வருவதும், "வாடியம்மா, என் ராசாத்தி, உன்னை நம்பாமப் போனாங்கடி, என்னையுந்தான் நம்பலை, நாம ரெண்டு பேரும் ஒரே ஜாதி," என்று நாத்தனார் கழுத்தைக் கட்டிக்கொண்டு பேசிப் பேசி நிறுத்துவதும் மேலே கேட்டது. ஐந்தடி, ஆறடி. நீட்டிய விரலில் ஈரமாக, குளிர்ந்து ஒன்று பட்டது. மூக்கு. அவள் அசையாமல் இருந்தாள். அந்த மூக்கு அவள் விரலைத் தேடி, மோந்து, வாய்க்குள் இழுத்துச் சப்ப ஆரம்பித்தது. பலமில்லாமல், ஆனால் விடாமல்.

அங்கே, யாரும் பார்க்க முடியாத அந்த இருட்டில், அவளுக்கு ஒரு வருஷத்து அழுகையும் வந்தது.

"என்ன ஆச்சு? உயிர் இருக்கா?" என்று குழாயின் வாயில் புருஷனின் குரல் அதிர்ந்தது.

"இருக்கு. விரலைச் சப்புது," என்றாள். மூக்கை உறிஞ்சினாள். "அவசரப்படாதீங்க. நான் சொன்னப்புறம் இழுங்க."

சப்பக் கொடுத்த விரலை எடுக்காமலே மறுகையால் வண்டலைப் பறித்தாள். நகத்தில் மண் ஏறியது. மடங்கிக் கிடந்த முன்னங்காலை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, மார்புக்கு அடியில் சாக்கைத் திணித்து, கயிற்றை அக்குளுக்குப் பின்னால் சுற்றி முடிந்தாள். "இழுங்க, மெதுவா, மெதுவான்னா மெதுவா." அவள் பின்னால் நகர, கன்று சாக்கின் மேல் அவள் முகத்தோடு முகமாக வழுக்கிக்கொண்டே வந்தது. வெளிச்சத்துக்கு வந்தபோது இரண்டும் ஒரே நிறத்தில் இருந்தன.

"கிடாரி," என்றார் பண்ணைக்காரர். மனைவியின் தலையிலிருந்த சேற்றை உள்ளங்கையால் வழித்துவிட்டார். வழித்ததையே மறுபடி மறுபடி வழித்துக்கொண்டிருந்தார்.

பசு மூவரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு வந்து கன்றை நக்கியது. நக்கிய வேகத்தில் கன்று இரண்டு தடவை விழுந்தது. மூன்றாவது தடவை நின்று, முட்டி, தேடி, காம்பைப் பிடித்தது. வால் ஆட ஆரம்பித்ததும் மெஷின்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வைதான் என்றார், யாரும் கேட்காமலே.

"இப்ப கிட்டப் போனா முட்டுவா. பத்து நிமிஷம் குடிக்கட்டும், அப்புறம் கொட்டகைக்குத் தூக்கிட்டுப் போலாம்," என்றாள் அவள்.

நாத்தனார் வீட்டிலிருந்து பிளாஸ்கில் தேநீரும் அவித்த முட்டையும் கொண்டுவந்தாள். நால்வரும் பாதை ஓரத்தில் உட்கார்ந்து தின்றார்கள். காலையிலிருந்து யாரும் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது முதல் முட்டையில்தான் தெரிந்தது. மேகம் கொஞ்சம் மேற்கே ஒதுங்கியிருந்தது. ஆறு மணி வரை தாங்கும் என்றார் மெஷின்காரர். பண்ணைக்காரர் குழாயின் இரண்டு வாய்க்கும் இன்றைக்கே கம்பி வலை வைத்துவிடுகிறேன் என்றார். நாத்தனார் பல்வலிக் கதையை முதலிலிருந்து சொன்னாள். இந்தத் தடவை பண்ணைக்காரி முழுக்கக் கேட்டாள். கதை நன்றாகத்தான் இருந்தது.

"சரி, தூக்கலாமா?" என்று திரும்பினார் பண்ணைக்காரர்.

பொய்க்காரி தனியாக மேய்ந்துகொண்டிருந்தது. சுற்றிலும் கன்று இல்லை.

"அடிப்பாவி," என்றார் மெஷின்காரர்.

பசு தலையைத் தூக்கியது. சத்தமே இல்லை. மடி தளர்ந்து, காம்பு நான்கும் வெள்ளையாக இருந்தன. அது மேட்டைப் பார்த்தது. தன் உயிரே அங்கேதான் இருப்பது மாதிரி, அசைபோட்டுக்கொண்டு பார்த்தது.

பண்ணைக்காரி சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சேறு வெடித்து உதிர, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். போன வருஷத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பை அந்த வீடு கேட்கவில்லை. பிறகு எழுந்து, பசுவுக்கு முதுகைக் காட்டி, அது பார்க்கும் பக்கத்துக்கு நேர் எதிராகப் புல்லுக்குள் நடந்தாள். நாற்பது அடி எண்ணியிருப்பாள். புல்லை விலக்கினாள். வயிறு புடைக்க, முகவாயைத் தரையில் வைத்து, மூச்சுக் காட்டாமல் கிடந்தது.

புருஷன் அதைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் போனார். பசு குற்றம் சொல்லிக்கொண்டே பின்னால் போனது. இரண்டையும் உள்ளே விட்டுக் கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டு, அதை ஒரு தடவை இழுத்தும் பார்த்தாள். நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணி, நீங்க ஏதாவது சொல்லணுமா?"

நாத்தனார் யோசித்தாள். "இல்லடியம்மா. இப்பத்திக்கு ஒண்ணும் இல்ல."

அவள் சட்டைப் பையின் பொத்தானைக் கழற்றி, சாவியை எடுத்து, அதில் ஒட்டியிருந்த சேற்றை முந்தானையில் துடைத்து மெஷின்காரர் கையில் வைத்தாள்.

"பாத்தாச்சு தம்பி," என்றாள். "ஓட்டுங்க."